அவரே நின்று கேட்ட சாவு மேளம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை சாவு மேளம் அடித்தார்கள். முதல் தடவை அடித்ததை அவரே நின்று கேட்டார். அதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். (நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் திருப்பதிப் பக்கம் நகரியில் எங்கள் தெருவே சொல்லிவிடும்.)

அப்போது எனக்கு ஐம்பது வயது இருக்கும். தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. மகன்களில் ஒருத்தன் பெங்களூர், ஒருத்தன் மெட்ராஸ் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அவரும். பகலெல்லாம் பவர்லூம் சத்தத்தில் நின்றவர் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். ஆனால் டிவியில் ஒரு சிரிப்பு நடிகர் வருவார். அவர் ஒரு முழி முழித்தால் போதும், என் வீட்டுக்காரரின் தொந்தி குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, பாத்தியா" என்பார். ஒரு நாளைக்கு அவர் என்னிடம் பேசுவது அந்த இரண்டு பாத்தியாதான்.

அந்த நடிகர் ஆஸ்பத்திரியில் சீரியஸாக இருக்கிறார் என்று டிவியில் சொன்னார்கள். ஏழுமலையானே, அவரைக் காப்பாற்று, என் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். (இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. தெருவில் அதற்கு ஈடு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) பிழைத்த பிறகு கொடுப்பதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை. முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சாமிக்கு மறுக்க மனசு வராது என்று நினைத்தேன்.

சினிமாக்காரனுக்கு மொட்டையா என்று கேட்பார்களே, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மலையில் முடியைக் கொடுத்து, தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு, கீழே திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், டீக்கடை டிவியில் அந்த நடிகர் படம். படத்துக்கு மாலை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மாலை போட்ட படத்துக்கு எழுத்து எதற்கு?

"என் ராசா! எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே ராசா!" என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் தெருக் கன்னியப்பன் அங்கே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஓடி வந்தான்.

"யக்கா! போய்ட்டாரா?"

"போய்ட்டார்டா!"

அவன் முகம் செத்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கும் அவர்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டேன். "நீ பஸ் ஏறுக்கா, நான் போன் பண்ணி சொல்லிடறேன்" என்று எஸ்டிடி பூத்துக்கு ஓடினான். யாருக்குடா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நகரியில் இறங்கித் தெருமுனைக்கு வந்தால் மேளச் சத்தம். என் வீட்டு வாசலில் பந்தல், பெஞ்சு, தலையை விரித்துப்போட்ட பெண்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நடிகருக்காகத் தெருவே கூடியிருக்கிறதே, இந்த ஜனத்தையா குழாயடியில் இத்தனை நாள் திட்டினேன்! பக்கத்து வீட்டுக் குப்பம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"வண்டி பின்னால வருதாக்கா?"

"எந்த வண்டி? மெட்ராஸ்லயே எடுக்கறாங்களாம்."

"மெட்ராஸ்லயா? நம்ம ஊரு சுடுகாட்டுக்கு இன்னா கொறச்சல்?"

"லட்சம் ஜனம் வரும் குப்பு. இங்க எடம் பத்துமா?"

எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டி அவள் சோடா கொண்டுவரச் சொன்னாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். தலையெல்லாம் பஞ்சு, கையில் டிபன் கேரியர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "யார்றா செத்தது?" என்றார்.

மேளம் நின்றது. ஒரு கிழவி மயங்கியே விழுந்தாள். கன்னியப்பன் போனில் சொன்னதையும் காலையிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டையும் வைத்து, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மலைக்குப் போன இடத்தில் அவர் செத்துவிட்டார் என்று தெரு நினைத்திருக்கிறது. எனக்கு எல்லாம் விளங்கியது. அவருக்கு விளங்கவில்லை. என் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் குடித்தனம் நடத்திய புருஷனிடம், இன்னொரு ஆணுக்காக முடியைக் கொடுத்தேன் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னேன். வீட்டை விட்டுத் துரத்தினாலும் கேட்க ஆள் இல்லை என்று நின்றேன்.

டிபன் கேரியரைக் கீழே வைத்தார். "எனக்கு டைபாய்டு வந்துச்சே, அப்ப ஒரு தேங்கா ஒடச்சியா நீ?"

தெருவே சிரித்தது. என் மானம் அந்தப் பந்தலுக்கடியில் போயிற்று.

"அந்தாளு டிவில வந்தாத்தானே நீ என் மூஞ்சியப் பாத்துப் பேசற" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டார். மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, "வந்தது வந்துட்டீங்க, அவருக்கு அடிங்கப்பா" என்றார். அடித்து முடிக்கிறவரை நின்று கேட்டார். பிறகு அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நடிகர் இடறியது, விழுந்தது, முழித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்குள் அத்தனை பேச்சு இருந்தது எனக்கே தெரியாது.

முடி வளர்ந்து நரைத்தும் விட்டது. கெட்ட பேர் மட்டும் போகவில்லை. எந்த நடிகருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பெரியவன் போனில் கூப்பிட்டு, "யம்மா, முடிய பத்தரமா வெச்சுக்கோ" என்பான்.

போன வருடம் அவர் நிஜமாகவே போனார். குப்பம்மா இப்போது ஸ்ரீ சிட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். நானே போன் செய்து சொன்னேன். மெதுவாக, "யக்கா, இப்ப நெஜமாவா? இல்ல சினிமாக்காரரா?" என்றாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நடுவில் நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே அவர் படுத்திருந்த பக்கம் திரும்பி, "பாத்தியா, பாத்தியா" என்றேன்.