இரண்டு பட்டியலும் ஒரு சுபாஸ்கரனும்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வேய மாமியாரின் கூரையில் ஏறுவதில்லை என்று சுபாஸ்கரன் வெள்ளிக்கிழமை காலையிலேயே முடிவெடுத்துவிட்டான். உலகமே திரண்டு வந்து ஓலையை நீட்டினாலும் ஏறமாட்டான். போனமுறை ஏறியபோது கூரையின் வளைமரம் முறிந்து, மாமியார் இராசம்மாவின் அரிசிப் பானைக்குள் ஒரு கால் போனது. எல்லாரும் அரிசிக்குத்தான் அழுதார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நல்லவேளையாக அதே ஞாயிறு ஊரில் சிரமதானம். இந்திய அகதி முகாமிலிருந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பி இரண்டு வருடமாகியும் பொதுக்கிணறு தூர்ந்தபடியே கிடந்தது. அவன் மனைவி துசாந்தினி குடமும் கையுமாகத் தினமும் அரை மைல் நடந்துகொண்டிருந்தாள். கிணற்றைத் துப்புரவாக்க ஊரே கூடப்போகிறது. யாருக்கு என்ன வேலை என்று பட்டியல் போடுவது ஊர்ச் சங்கச் செயலாளர் சுபாஸ்கரன். அதுவும் கையால் அல்ல, கணினியில் தானே எழுதிய புரோகிராமில்! மன்னார் டவுனில் புருசனும் பெண்சாதியுமாக ஆறு கிழமை புரோகிராமிங் படித்தவர்கள். பரீட்சையில் துசாந்தினி முதலாவது. சுபாஸ்கரனும் பரீட்சைக்குப் போயிருந்தான்.

திட்டம் எளிது. சங்கத்துக்குப் போகும் பட்டியலில் தன் பெயருக்கு நேரே 'தேத்தண்ணி ஊற்றுதல்' என்று போட்டான். தேநீர் கொடுக்கும் நிழல் வேலை. அதை நகலெடுத்து, மனைவிக்குக் காட்டும் பட்டியலில் மட்டும் 'கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளுதல்' என்று மாற்றவேண்டியது. அவ்வளவு கடும் வேலை செய்கிற மனிசனை எவளாவது கூரையில் ஏற்றுவாளா?

ஒரேயொரு சந்தேகம் இருந்தது.

“இஞ்சரும், ஒரு பட்டியலைக் கொப்பி பண்ணினால் புதுப் பட்டியல்தானே வரும்?”

“ஓம், பட்டியல் புதுசுதான்,” என்று குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஏன் கேக்கிறியள்?”

“சும்மா. அறிவுக்கு.”

“அறிவுக்கோ?”

துசாந்தினி அகப்பையோடு வாசலுக்கு வந்து, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் மாற்றவேண்டியதை மாற்றி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“ஐயோ! இந்த இடுப்பு நோவை வைச்சுக்கொண்டு கிணத்துக்க இறங்கப் போறியளே?”

“ஊருக்காக! கூரைக்கு வர ஏலாதெண்டு அம்மாட்டைச் சொல்லும்.”

“சொல்லுறன். அனுப்ப முதல் ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோவன்.”

“நான் எழுதின புரோகிராமை நானே சந்தேகப்படுறதோ?”

சங்கத்துப் பட்டியலைத் திறந்தும் பார்க்காமல் அச்செடுத்து அனுப்பினான்.

ஞாயிறு காலை, கிணற்றடியில் சங்கத் தலைவர் தில்லைநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். “சுபாஸ்கரன்... கிணத்துக்க இறங்கிச் சேறு அள்ளுறது! செயலாளர் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கோணும்!”

ஊர் கைதட்டியது. தட்டி ஓய்வதற்குள் அவன் இடுப்பில் கயிறு கட்டியாயிற்று.

பத்து மணிக்கு, இடுப்பளவு சேற்றில் நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். மேலே கேத்தலோடு துசாந்தினி. தேத்தண்ணிக்கு ஆளில்லையென்று அவள்தான் கையைத் தூக்கினாளாம்.

“உமக்குக் காட்டின பட்டியலிலதானே மாத்தினனான்! அது புதுசெண்டு நீர்தானே சொன்னனீர்?”

“பட்டியல் புதுசுதான். உள்ளுக்க நிக்கிற ஆள் பழைய ஆளெல்லோ! கொப்பி பண்ணினால் இன்னொரு சுபாஸ்கரன் முளைக்கிறேல்லை. ரெண்டு பட்டியலும் ஒரே உங்களைத்தான் காட்டுது. ஒண்டில உங்களை மொட்டை அடிச்சால், மற்றதில முடியோடயே நிப்பியள்?”

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் பட்டியலைப் பற்றித்தானே கேட்டனீங்கள். ஆளைப் பற்றிக் கேக்கேல்லையே!”

மத்தியானத்துக்குள் சேறு முடிந்து, அடியில் ஊற்றுக்கண் திறந்தது. துசாந்தினியின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வருட நடை முடிந்ததல்லவா! அந்த முகத்தைப் பார்த்ததும் சுபாஸ்கரனுக்குக் கோபம் கரைந்து, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மேலே ஏறி வந்து, தலையில் ஊற்ற ஒரு வாளி தண்ணீரைத் தூக்கினான்.

அவள் வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப குளியாதேங்கோ. அம்மா ஓலையோட பாத்துக்கொண்டிருக்கிறா. கூரையையும் முடிச்சிட்டு ஒரேயடியாக் குளிக்கலாம்.”