மச்சானின் தண்ணீர்த் தொட்டி மீது ஒரு குற்றச்சாட்டு

அன்பும் மரியாதையும் கொஞ்சம் கோபமும் கலந்து மச்சான் அவர்களுக்கு எழுதுவது,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தங்கையின் சுகம் இங்கே நாலு வண்டி தள்ளி நிற்பவர்களின் காதிலும் விழும் அளவுக்கு இருக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம், நீங்கள் பெரிய மனது பண்ணி எங்களுக்கு இரவல் கொடுத்த வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் வயிற்றில் சுமந்துகொண்டு நான் திருப்பும்போதெல்லாம் கர்ப்பிணிபோல் பெருமூச்சு விடும் அந்த மோட்டார்ஹோமில், எனக்கு வண்டி மேல் புகார் இல்லை, எஞ்சின் மேல் புகார் இல்லை. உட்காரும் பலகைக்கு அடியில் இருக்கிறதே தண்ணீர்த் தொட்டி, அதன் மேல்தான் புகார். இதை போனிலேயே சொல்லியிருப்பேன். "எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை குறை சொன்னீங்க, அப்புறம் இருக்கு" என்று உங்கள் தங்கை என் போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். பேனாவை மறந்துவிட்டாள். வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குறுக்கெழுத்துப் போடுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று மதியம் உங்கள் மருமகள், அதாவது என் மகள், கைக்குழந்தையோடு வருகிறாள். அவள் விடுமுறை முடிவதற்குள் பேத்தியை ஏற்றிக்கொண்டு கடலோரமாக ஒரு வாரம் சுற்றுவது என்பதுதான் ஏற்பாடு. பேத்தி பிறந்து எட்டு மாதம் ஆகிறது. அவளை நான் கையில் வைத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால், பல் டாக்டரின் வாசலில் நான் காத்திருந்த நேரம்கூடத் தேறாது. மகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. ஒரு துளி தண்ணீர் என்பது நமக்குத் தாகம். அவளுக்கு அது ஒரு ஜனத்தொகை. போன வாரமே போனில் சட்டம் போட்டுவிட்டாள்: "அப்பா, பாப்பாவுக்குப் பால்பொடி கலக்கற தண்ணி, விளையாட்டு இல்ல. நான் வந்ததும் ஒரு டம்ளர் பிடிச்சுக் குடுங்க. வெளிச்சத்துல பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், ஒரு வாய் நானே குடிப்பேன். ஏதாவது ஒண்ணு சரியில்லைன்னாலும் பாப்பாவைக் கார்லேர்ந்து இறக்கவே மாட்டேன். நேரா அத்தை வீட்டுக்குப் போயிடுவேன்."

அத்தை என்றால் அவள் மாமியார், நம் சம்பந்தியம்மா. அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் தண்ணீர் வடிகட்ட மூன்று பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நீல விளக்கு எரிகிறது. போன தடவை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தி, "எங்க வீட்டுத் தண்ணியில பாப்பாவுக்குக் கன்னம் எப்படி வந்திருக்கு பார்த்தீங்களா சம்பந்தி" என்று கேட்டார்கள். கன்னம் எங்கள் பரம்பரைக் கன்னம், மச்சான். தண்ணீருக்கு அதில் என்ன பங்கு? இன்றைக்கு டம்ளரில் தோற்றால், விடுமுறை முழுக்கப் பேத்தி அங்கேதான். பாட்டில் தண்ணீர் வாங்கினால் தீர்ந்தது என்பீர்கள். நானும் சொன்னேன். "குளிப்பாட்டறதும் பாட்டில்லயா? அவ குளிக்கும்போது வாயைத் திறந்துதான்பா சிரிப்பா" என்றாள். பேத்தி வாயைத் திறந்து சிரிப்பாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

சரி, தொட்டிக்கு வருவோம். வந்த அன்று காலை முதல் காப்பியைக் குடித்த உங்கள் தங்கை, கோப்பையைக் கீழே வைத்து, "என்னங்க, காப்பியில மழைக்கோட்டு வாசனை அடிக்குது" என்றாள். குடித்துப் பார்த்தேன். பழைய மழைக்கோட்டு. வெயிலில் காய்ந்து, மடித்து வைத்து, பிறகு ஊறவைத்தது. "உங்க அண்ணன் தொட்டி லட்சணம்" என்றேன். "எங்க அண்ணன் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷையே வெந்நீர்ல கழுவுறவர். உங்க மூக்குலதான் கோளாறு" என்றாள். வாசனையைக் கண்டுபிடித்தது யார் மூக்கு என்று நான் கேட்கவில்லை. குடித்தனம் நடத்த வேண்டும் அல்லவா?

உங்கள் பொருளை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வண்டியோடு ஒரு வெள்ளை ஹோஸ் பைப் கொடுத்தீர்கள், புத்தம்புதிது, சுருட்டி உறைக்குள் போட்டது. இன்றுவரை உறையைப் பிரிக்கவில்லை, மச்சான். மேல் அலமாரியில் போர்வைக்கு நடுவே குழந்தைபோல் படுக்கவைத்திருக்கிறேன். இரவல் பொருளைக் கொடுத்தது கொடுத்தபடி திருப்பித் தருவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் டிவி ரிமோட்டே இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது, எண்கள்தான் தெரிவதில்லை. இங்கே நாங்கள் தண்ணீர் பிடிப்பதெல்லாம் எங்கள் சொந்தப் பச்சை ஹோஸில்தான். காரைக் கழுவி, செடிக்கு ஊற்றி, வெயிலிலும் மழையிலும் கொல்லையில் கிடந்து உழைத்த குழாய். உங்கள் ஹோஸில் ஒரு கீறல் விழக்கூடாதே என்று அதை வீட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். இப்படிப்பட்டவனுக்கா இப்படி ஒரு தொட்டி?

நீங்கள் சொல்லிக்கொடுத்த வைத்தியத்தை உடனே ஆரம்பித்தேன். தொட்டியை வடித்து, புதுத் தண்ணீர் பிடித்து, அளவாக ப்ளீச் கலந்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ப்ளீச் வாடை வரும்வரை விட்டு மூடி, சில மணி நேரம் ஊறவைத்து, மறுபடி வடித்து, நல்ல தண்ணீரால் வாடை போகும்வரை அலச வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தேன். கடையில் மட்டும் ஒரு சின்ன சறுக்கல்: வாசனையில்லாத ப்ளீச்சுக்குப் பக்கத்தில் எலுமிச்சை வாசனை ப்ளீச் இருந்தது, குழந்தை வருகிறதே, மணமாக இருக்கட்டுமே என்று அதை எடுத்துவிட்டேன். விளைவாக, அன்று முழுவதும் எங்கள் டீ ஏதோ பேருந்து நிலையத்துக் கழிப்பறையைத் திறப்பு விழாவுக்குக் கழுவிவிட்டதுபோல் மணத்தது. எத்தனை அலசியும் எலுமிச்சை போகவில்லை. எலுமிச்சைக்குப் பின்னால் மழைக்கோட்டும் அப்படியே நின்றது.

இந்த நேரத்தில் பக்கத்து வண்டிக்காரர் உள்ளே நுழைந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டு வண்டிகள் நிறுத்தித் தங்கும் இந்த முகாமில் எல்லார் வண்டியையும் சுற்றிப் பார்ப்பதால், இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். "ப்ளீச்செல்லாம் அந்தக் காலம் சார். பல்செட்டைக் கழுவுற மாத்திரை இருக்கில்ல, அதுல நாலு போடுங்க. தொட்டி பளிச்சுனு ஆயிடும்" என்றார். அது எங்கே கிடைக்கும் என்று நான் யோசிக்கிற பாவனையில் ஆகாயத்தைப் பார்த்தேன். என் கடைவாய்ப் பற்களில் இரண்டு என்னுடையவை அல்ல என்பது இந்தக் குடும்பத்தில் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதில் ஒருத்தி, "எங்கே போய் வாங்கணும், இவர் சோப்புப் பையிலயே இருக்கே" என்று இன்ஸ்பெக்டர் முன்னாலேயே எடுத்து வந்தாள். நாலு என்ன நாலு, பெட்டி முழுக்கக் கவிழ்த்தாள். கை கழுவுகிற குழாயில் புதினா நுரை பொங்கி வந்தது. மாத்திரை வேலை செய்யாமல் இல்லை. ஆனால் எலுமிச்சை போய்ப் புதினா வந்ததே தவிர, மழைக்கோட்டு தன் இடத்தை விட்டு அசையவில்லை. இன்றைக்கு இந்த முகாமில் யார் என்னோடு பேசினாலும் என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறார்கள்.

நேற்றுக் கடைசி முயற்சி. வாசனையில்லாத ப்ளீச், அளவு தப்பாமல். அதற்கு முன்னால் பலகையைத் தூக்கி, தொட்டி மூடியைத் திருகி, டார்ச்சை வாயில் கவ்வி, தோள்வரை கையை விட்டு மெல்லிய துணியால் உள்ளே முழுக்கத் துடைத்தேன். வாட்ச் எங்கேயோ மாட்டிக் கை வெளியே வரவில்லை. "ஐயோ, கை சிக்கிக்கிச்சு" என்று டார்ச்சைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "நல்லதாப் போச்சு, அப்படியே அந்த மூலையையும் தேய்ச்சிடுங்க" என்றாள் உங்கள் தங்கை. தேய்த்தேன். முதல் இரண்டு தடவையும் வெந்நீர்க் குழாய்களைத் திறக்க மறந்திருந்தேன்; இந்த முறை அதையும் திறந்து, குளிக்கிற ஷவரையும் விடாமல், ப்ளீச் போகாத சந்து பொந்து இல்லை. ராத்திரி முழுக்க ஊறியது. காலையில் வடித்து, அலசி, அலசி, மறுபடி அலசி, பச்சை ஹோஸை மாட்டி விளிம்புவரை நிரப்பினேன்.

ஒரு டம்ளர் பிடித்தோம். வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. ப்ளீச் வாடை இல்லை, எலுமிச்சை இல்லை, புதினா இல்லை. உங்கள் தங்கை மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள். மழைக்கோட்டு, மச்சான். அதே மழைக்கோட்டு.

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய், பாப்பாவுக்காக ஜன்னல் ஓரத்தில் விரித்து வைத்திருந்த சின்ன மெத்தையை மடிக்க ஆரம்பித்தாள். "எதுக்கு இப்பவே மடிக்கிற?" என்றேன். "அவ வந்து பார்த்துட்டுப் போறப்ப மடிக்க என்னால முடியாதுங்க" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகவே கடைசியாகக் கேட்கிறேன். நான் தொட்டியைத் துடைத்தாயிற்று, குழாயை அலசியாயிற்று, என் பல் மானத்தையும் கரைத்து ஊற்றியாயிற்று. இன்னமும் நாறுகிறது என்றால், குற்றம் தொட்டியின் பிளாஸ்டிக்கில் பிறவியிலேயே இருக்கிறது. அதை வாங்கிய உங்களிடமும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கொடுக்கிற மனிதர், சொந்தத் தங்கையின் பேத்திக்கு மழைக்கோட்டுத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு அங்கே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஆஸ்தான மெக்கானிக்கிடம் சொல்லி அந்தத் தொட்டியைப் பிடுங்கி எறிகிற வரையில், நமக்குள் பேச்சு வார்த்தை வேண்டாம் என்று

வாசலில் கார் சத்தம். அவள்தான். சீக்கிரமே வந்துவிட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி, நல்ல தண்ணீர் குடித்து, நீடூழி வாழ வேண்டும்.

மனமுடைந்த,
உங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: முதல் காரியமாக, மேலே எழுதியது ஒன்றையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடவும். கிழித்துப்போட்டிருப்பேன், ஆனால் அந்தத் தைலம் தேய்க்கிற இடமெல்லாம் நன்றாக அமைந்துவிட்டது, மனசு வரவில்லை.

மகள் வந்தாள். பேத்தி காரில் தன் இருக்கையில் பெல்ட்டோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக் காலை உதைத்தாள். நான் டம்ளரை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தாள், தலையாட்டினாள். மோந்தாள். தலையாட்டவில்லை. "என்னப்பா இது?" என்றாள். உங்கள் தங்கை, "எவ்வளவோ பண்ணிப் பார்த்தாச்சுடி" என்றாள். மகள் காரைத் திரும்பிப் பார்த்தாள். போயிற்று என்று நினைத்தேன், மச்சான். நீல விளக்கு என் கண் முன்னால் எரிந்தது. ஆனால் அவள் காருக்குப் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பக்கம் போனாள். தரையில் வெயிலில் கிடந்த பச்சை ஹோஸின் முனையை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"அப்பா, இது நம்ம கொல்லையில கிடந்ததுதானே?"

"ஆமா. கெட்டியான ஹோஸ்."

"மாமா வேற ஹோஸ் எதுவும் தரலையா?"

"தந்தாரே. புதுசு. வெள்ளை. பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் பச்சை ஹோஸின் முனையை என் மூக்கருகே நீட்டினாள்: மழைக்கோட்டு. பிறகு என்னையே பார்த்தாள். ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. "குடிக்கிற தண்ணி பிடிக்கத்தான்பா அதைக் குடுத்திருக்காரு" என்றாள். உடனே உங்கள் தங்கை, அந்த ஹோஸைப் படுக்கவைக்கப் போர்வையை எடுத்துக் கொடுத்த அதே உங்கள் தங்கை, "எங்க அண்ணன் எதைச் செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வார். இவர்தான் தொட்டி தொட்டின்னு குதிச்சார்" என்று கட்சி மாறிவிட்டாள்.

உறையைப் பிரித்தோம். கை கூசியது. தொட்டியை வடித்து, வெள்ளை ஹோஸால் அலசி, மறுபடி நிரப்பும்வரை மகள் காரில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பாப்பாவின் பெல்ட்டை அவிழ்க்கவில்லை. இன்னொரு டம்ளர். பார்த்தாள், மோந்தாள், ஒரு வாய் குடித்தாள், மிச்சத்தையும் குடித்தாள். "இன்னொண்ணு குடுங்கப்பா, வர்ற வழியெல்லாம் தாகம்" என்றாள். அதற்குள் உங்கள் தங்கை உள்ளே மெத்தையை விரிக்கும் சத்தம் கேட்டது.

பச்சை ஹோஸை இன்ஸ்பெக்டர் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், வண்டி கழுவ மட்டும்தான் என்று எச்சரித்துத்தான் கொடுத்தேன். தொட்டி தங்கம், மச்சான். நீங்களும் தங்கம். ஒரே ஒரு வருத்தம்: கொடுத்தது கொடுத்தபடி திருப்பித் தருகிற எங்கள் வழக்கம் இன்றோடு கெட்டது. நாங்கள் அசந்த நேரத்தில் பேத்தி வெள்ளை ஹோஸின் முனையை இழுத்து வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். நான் பதறிப் பிடுங்கப் போனேன். "மாமா ஹோஸ்தானே, கடிக்கட்டும்" என்கிறாள் ஆய்வகக்காரி. முனையில் இரண்டு பல் தடம் பதிந்திருக்கிறது, இரண்டும் சொந்தப் பல். வண்டி வந்து சேர்ந்ததும் தயவுசெய்து அந்த இடத்தை மட்டும் கழுவிவிடாதீர்கள்.