கட் அடிக்க ஒரு கிளாஸ்

கயல், இளமாறா, போன வாரம் சாப்பிடும்போது நீங்கள் இருவரும் யார் காலேஜில் எத்தனை கிளாஸ் கட் அடித்தீர்கள் என்று சத்தம் போட்டுப் பெருமை பேசிக்கொண்டீர்கள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பத்தாவதோடு நின்றவர், இவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கட் அடிக்கிற விஷயத்தில் நீங்கள் எல்லாம் பச்சைக் குழந்தைகள். உலகம் உண்டான நாள் முதல் இன்றுவரை, கட் அடிப்பதற்கென்றே ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, அதற்கு ஒரு வாத்தியாரையும் ஏற்பாடு செய்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் நம் விருத்தாசலத்துக்காரர். ஹாஸ்டல் சார்.

அவர் ஆயுளில் ஒரு நாள்கூட ஹாஸ்டலில் தங்கியது கிடையாது. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணமே அதுதான்.

நான் சூளை அடுக்கிக்கொண்டிருந்த செராமிக் கம்பெனியில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாவற்றுக்கும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற இடம். அதனால் அவர் தலையில் எந்நேரமும் ரெண்டு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் இருக்கும். "சார், தலையில வைக்கோலு" என்றால், "இருக்கட்டும், ஒடையாம இருக்கும்" என்பார்.

அவரும் உங்கள் அம்மாவும் ஒரே பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தவர்கள். ஆனால் படித்த காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்தையும் பார்த்ததில்லை. தபால் வழிப் படிப்பு. புத்தகம் தபாலில் வரும். பரீட்சை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும். கடைசியில் பட்டமும் சுருட்டித் தபாலிலேயே வந்து சேர்ந்தது.

இதில் ஹாஸ்டல் சாருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது, அவருடைய அக்காவை நெய்வேலியில் கட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால். அக்கா வீட்டுக்காரர் அதே பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். வருஷா வருஷம் இவர் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு போவார். மாமா சீர்த்தட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, கதையை ஆரம்பித்துவிடுவார். வார்டன் வேட்டி கொடிக்கம்பத்தில் பறந்த கதை, சாம்பாரில் தூண்டில் போட்டுக் காய் பிடித்த கதை, கட் அடித்து மேட்னி போன கதை. கேட்டு முடித்துவிட்டு, பாவம், இவரும் ஏதாவது சொல்ல வாயைத் திறப்பார். மாமா விடமாட்டார்.

"மாப்ள, தபால்ல படிச்ச படிப்புல ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். கதை ஒட்டியிருக்காது."

கூடமே சிரிக்கும். ஒரு பொங்கலுக்கு அவருடைய அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அடுத்த பொங்கலுக்கு என் காலேஜு கதையோடத்தான் வருவேன். இல்லன்னா கரும்பக் கொண்டாந்து ஒங்க ஊரு பஸ் ஸ்டாண்டுலயே சாத்திட்டுத் திரும்பிடுவேன்" என்று சபதம் போட்டுவிட்டு வந்தார்.

"ஒரு கதைய இட்டுக்கட்டிச் சொல்லிட வேண்டியதுதான சார்?" என்று நான் கேட்டேன்.

"பொய் சொன்னா அக்கா கண்டுபுடிச்சிடும். நெசமா நடந்திருக்கணும்."

அப்படிப் பிறந்ததுதான் தபால் வழி முன்னாள் மாணவர் சங்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் ஷெட்டில் முதல் கூட்டம். வைக்கோல் கட்டுகள்தான் நாற்காலி. நல்லூரிலிருந்து ஒரு கிளார்க், சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு உரக்கடைக்காரர், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஸ்டெல்லா டீச்சர், உங்கள் அம்மா, இன்னும் கொஞ்சம் பேர். அந்தக் கூட்டத்திலேயே செல்போன் வைத்திருந்தவர் உரக்கடைக்காரர் ஒருவர்தான். அவருக்கும் ஷெட்டுக்குள் டவர் கிடைக்கவில்லை.

"எல்லாரும் பழைய ஞாபகங்களப் பகிர்ந்துக்கலாம்" என்றார் ஹாஸ்டல் சார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து நல்லூர் கிளார்க் கையைத் தூக்கினார். "எனக்கு ரெண்டாவது புஸ்தகம் மழையில நனைஞ்சி வந்துச்சி."

"எனக்கும்!" என்றார் உரக்கடைக்காரர்.

"எனக்கும் நனைஞ்சிதான் வந்துச்சி!" என்றார் உங்கள் அம்மா.

அத்தோடு பழைய ஞாபகங்கள் தீர்ந்துபோயின. ஹாஸ்டல் சார் அசரவில்லை. "ஞாபகம் இல்லன்னா என்னா? இப்ப செஞ்சிக்கலாம்" என்றார்.

முதலில் உல்லாசப் பயணம், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு. அதற்கு முன்னாடி அவர் நம் வீட்டுக்கு வந்து, டூருக்கு அனுப்பச் சம்மதம் என்று என்னை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"சார், அவ எனக்குப் பொண்டாட்டி."

"ஒங்க வூட்டுல பொண்டாட்டி. எங்க காலேஜுல ஸ்டூடண்ட். நீங்க கார்டியன்."

அன்றிலிருந்து அவர் வாயில் எனக்குக் கார்டியன் என்றே பெயர். கம்பெனியில் சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கார்டியன், அந்த ஜாடி வெந்துதா பாருங்க" என்பார். கூட வேலை செய்கிறவர்கள் ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள்.

காலேஜ் டூர் என்றால் ஒருத்தர் தொலைந்துபோக வேண்டும் என்பது அவர் கணக்கு. கோயிலைச் சுற்றி முடித்து, வெளியே புல்தரையில் புளிசோறும் தின்று முடித்தாயிற்று. ஒருவரும் தொலையவில்லை. உடனே நல்லூர் கிளார்க்கைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்சம் காணாமப் போங்க" என்றார். கிளார்க் கடமை தவறாதவர். கார்டியனாகக் கூடப் போயிருந்த நானும் சேர்ந்து, சாயங்காலம்வரை கோயிலைச் சல்லடை போட்டுத் தேடினோம். ஸ்டெல்லா டீச்சர் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். கடைசியில் உரக்கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கிளார்க்கின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார். மனிதர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காணாமப் போவச் சொன்னீங்க. பஸ்ஸு வந்துது. போயிட்டேன்."

வேனில் திரும்பும்போது, "இந்தக் கதைய மாமாகிட்ட சொல்லலாமா?" என்று ஹாஸ்டல் சார் ஆசையோடு கேட்டார். உங்கள் அம்மா பட்டென்று சொல்லிவிட்டார்: "சொல்லி அனுப்பிக் காணாமப் போனா அது கதை இல்ல சார். டூட்டி."

அடுத்தது பேக்கிங் ஷெட்டில் ஹாஸ்டல் டே. மோசமான சாம்பார் வைக்க வேண்டும், எல்லோரும் தட்டைத் தட்டிப் போராட வேண்டும். சமையல் உங்கள் அம்மாவும் ஸ்டெல்லா டீச்சரும். ரெண்டு பேருக்கும் வேண்டுமென்று கெடுக்க வரவில்லை. முருங்கைக்காய் வாசம் தொழிற்பேட்டை முழுக்கப் போய், பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன்கூட முன்னாள் மாணவராகிவிட்டார். "சாம்பார் ஒழிக!" என்று ஹாஸ்டல் சார் குரல் கொடுத்தால், "ஒழிக! இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க!" என்று பதில் வந்தது. அவர் மட்டும் தட்டைத் தட்டினார். பசிக்கிறது போலிருக்கிறது என்று அவருக்கும் ஊற்றினார்கள்.

மார்கழி பிறந்துவிட்டது. அவர் முகம் சுருங்க ஆரம்பித்தது. வைக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டிக்கு என்று தெரியாமல் நிற்பார். "கார்டியன், இந்த வருஷமும் கரும்பு பஸ் ஸ்டாண்டோடதான் போலிருக்குது" என்றார். கடைசி முயற்சியாக அவர் ஏற்பாடு செய்ததுதான் அந்த வகுப்பு.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அறை கேட்டு வாங்கினார். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவரைப் பிடித்தார். "தூங்க வைக்கிறதுல இந்த ஊருல அவர அடிச்சிக்க ஆளு கெடையாது." திட்டம் இதுதான்: பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹாஸ்டல் சார் மூன்று தரம் இருமுவார். எல்லோரும் நழுவி, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து, மேட்னிக்கு ஓட வேண்டும். டிக்கெட் முன்கூட்டியே வாங்கியாயிற்று. கார்டியன்களுக்கு வகுப்பில் இடமில்லை. ஆகவே நான் சுவருக்கு வெளியே டிக்கெட்டோடு நிற்க வேண்டும். கயல், நீ என் இடுப்பில் இருந்தாய். இளமாறா, நீ அப்போது பிறக்கவில்லை.

ஜன்னல் வழியாக வாத்தியார் குரல் கேட்டது. "காலமெல்லாம் பரீட்சைக்குத்தான் பாடம் சொல்லிக்குடுத்தேன். இன்னிக்குப் பரீட்சை கெடையாதுன்னு சொன்னாங்க. அதனால யானையப் பத்திப் பேசுவோம். நீங்கதான் ராஜா. கொட்டில்ல நூறு யானை நிக்குது. மழை பேயல. தீனி இல்ல. பக்கத்து நாட்டுக்காரன் படையெடுத்து வர்றான். என்னா பண்ணுவீங்க?"

அவ்வளவுதான். உள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டது. அறுவடை முடிந்து பணம் கொடுத்தால் போதும், தீவனம் நான் கொடுக்கிறேன் என்று உரக்கடைக்காரர் எழுந்து நின்று கத்தினார். குதிரையை விற்றுவிடலாம் என்றார் நல்லூர் கிளார்க். உங்கள் அம்மா எழுந்தார்.

"சண்டையே வேணாம் சார். நூறு யானையயும் அந்த ராஜாவுக்கே சீரா அனுப்பிடலாம். தீனி போட்டே அவன் அழிஞ்சிடுவான்."

கைதட்டல் தெருவரைக்கும் வந்தது. நடுவில் மூன்று இருமல் கேட்டது. பிறகு இன்னும் மூன்று. பிறகு காசநோய்க்காரர் மாதிரி ஒரு நீண்ட இருமல். "யாருப்பா அது, தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் பலகையில் யானை வரையத் திரும்பினார். அந்த நேரத்தில் ஹாஸ்டல் சார் நழுவியிருக்கிறார். சுவர் மேல் முதலில் ரெண்டு வைக்கோல் தெரிந்தது. பிறகு தலை. பிறகு பேண்ட் கிழிகிற சத்தம். பொத்தென்று என் காலடியில் வந்து விழுந்தார். கயல், நீ கைகொட்டிச் சிரித்தாய்.

"எங்க கார்டியன், மத்தவங்க?"

"நீங்க மட்டும்தான் சார் வந்திருக்கீங்க."

"நல்லூராரு?"

"அவரு இப்ப சேனாதிபதி ஆயிட்டாரு சார்."

கிழிந்த இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார். நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வகுப்பு வாசலில் நின்று கத்தினார்: "எல்லாரும் எந்திரிங்க! கட் அடிக்கணும்! படம் போட்டுடுவான்!"

வாத்தியார் சாக்பீஸோடு திரும்பினார். "பாடம் நடக்கும்போது பின்னால எகிறிக் குதிச்சி ஓடுற. இப்ப முன்னால வந்து சத்தம் போடுற. வெளிய நில்லு!"

"சார், நான்தான் ஒங்கள ஏற்பாடு பண்ண..."

"நீ யாரா இருந்தா எனக்கென்னா? வெளிய நில்லு! பேண்ட்டு வேற கிழிஞ்சிருக்குது."

வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து நல்லூர் கிளார்க் குரல் விட்டார்: "சார், அவன உள்ள விடாதீங்க சார்!"

ஹாஸ்டல் சார் வராண்டாவில் என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் இத்தனை பேரை வேலை வாங்குகிற மனிதர். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். கண் ரெண்டும் பளபள என்று இருந்தது.

"கார்டியன்! என்னை வெளிய நிக்க வச்சிட்டாரு!"

"விடுங்க சார்..."

"யாரும் சொல்லிக்குடுக்கல கார்டியன். தானா நடந்துடுச்சி! நல்லூராரு என்னை, கூடப் படிச்சவன் மாதிரி, 'அவன'ன்னு சொன்னாரு பாத்தீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் மனமிரங்கி உள்ளே கூப்பிட்டார். இவர் போகவில்லை. "இல்ல சார், முழுசா நிக்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு பாடம் முடிகிறவரை நின்றார். மேட்னி டிக்கெட்டுகளை நீ மென்று துப்பிவிட்டாய், கயல்.

பொங்கலுக்கு எங்களையும் சாட்சிக்கு நெய்வேலி கூட்டிப்போனார். கூடத்தில் நின்று, சுவர் ஏறியது முதல் வெளியே நின்றதுவரை நடித்தே காட்டினார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நெசந்தான்டா தம்பி. பொய் சொன்னா ஒனக்கு மூக்கு வேர்க்கும். வேர்க்கல." மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ம்... பரவால்ல" என்றார்.

அடுத்த வருஷமும் போயிருந்தோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரிடம் மாமா பேசிக்கொண்டிருந்தார். "எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருந்தான்யா. கட் அடிக்கறேன்னு தனியா செவுரு ஏறிக் குதிச்சி, பேண்ட்டு கிழிஞ்சி, திரும்ப வந்து..."

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்திருக்கப் போனேன். ஹாஸ்டல் சார் என் முழங்காலை அழுத்தினார்.

"விடுங்க கார்டியன். தபால்ல படிச்ச கதை, இன்னிக்கு ரெகுலர்ல சேந்துடுச்சி."

இப்போது அவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். உங்கள் மார்க்கைக் கேட்கவே மாட்டார். "புள்ளைங்க கட் கிட் அடிக்குதா, கார்டியன்?" என்றுதான் கேட்பார்.

நீங்கள் அன்று பெருமை பேசிவிட்டு ஊருக்குப் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சைக்கிளில் போனேன். வெள்ளையடிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கார்டியனுக்கு இடமில்லை என்று சொன்ன அதே அறையில், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பலகையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று தரம் இருமினேன். கேட் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பின்பக்கம் போய்ச் சுவர் ஏறிக் குதித்தேன். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவர் குதித்தபோதாவது நான் நின்றிருந்தேன்.