கால்மிதி அண்ணனின் அடுத்த ரவுண்டு

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக எத்தனையோ விசித்திரப் பிறவிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரேஷன் கடைக்குப் போனாலும் கால்மிதியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். மரக்காணம் தாலுகா ஆபீசில் நான் வேலை பார்த்த மூன்று வருஷமும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் அவர் கால்மிதி அண்ணன்.

மஸ்கட்டில் பதினோரு வருஷம் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலாளி கழித்துப்போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் நாலு டிரைவர்கள் கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள். மைதானம் முழுக்க மணல், மருந்துக்கும் புல் கிடையாது. அதனால் ஆளுக்கொரு துண்டு பச்சை விரிப்பு வைத்திருப்பார்கள். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, மேலே பந்தை வைத்து அடித்துவிட்டு, சுருட்டிக்கொண்டு நடப்பார்கள். ஊர் திரும்பும்போது அண்ணன் தங்கம் கொண்டுவந்தாரோ இல்லையோ, அந்த விரிப்பைக் கொண்டுவந்துவிட்டார். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது கால்மிதி.

இப்போது என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ரெண்டு ரவுண்டுக்கு நடுவுல இருக்கேன்" என்பார். கோல்ஃபில் ஒரு முழு ஆட்டம்தான் ரவுண்டு. முந்தின ரவுண்டு முடிந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த ரவுண்டு வருவதற்குள் கை மறந்துவிடக் கூடாதே என்று வீட்டிலேயே பயிற்சி. காலை ஐந்தரைக்குக் கீழே 'டொக்' என்று சத்தம் கேட்டால் நான் எழுந்துவிட வேண்டியதுதான். ஹாலில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கப்போட்டு அதற்குள் பந்தை உருட்டுவார். பந்து டம்ளரைச் சட்டை செய்யாமல் பீரோவுக்கு அடியில் போய்விடும். கொத்தனாரைத் திட்டுவார், ஃபேன் காற்றைத் திட்டுவார். அவர் மனைவி செல்வி அக்கா உப்பளத்தில் வேலை செய்பவர். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் பாய்ச்சிப் பழகிய கண். கீரை ஆய்ந்தபடியே, "பீரோ பக்கம் ஒரு நூலு சாஞ்சிருக்குது. கொஞ்சம் செவுத்தாண்ட தள்ளி அடிங்க" என்பார். அப்படி அடித்தால் பந்து நேரே டம்ளருக்குள் போகும். அன்றைக்கு முழுக்க அண்ணன் அவரிடம் பேசமாட்டார்.

ஓங்கி அடித்துப் பழகத் தோட்டத்தில் பழைய மீன் வலையைக் கட்டியிருந்தார். ஒரு நாள் பந்து வலையின் ஓட்டை வழியாகப் பறந்து, பக்கத்து உப்புக் குவியலில் புதைந்தது. வெள்ளை உப்பில் வெள்ளைப் பந்து. ஆறு பேர் தேடியும் கிடைக்காமல், மூட்டையோடு மூட்டையாக லாரி ஏறி திண்டிவனம் போய்விட்டது. அதன் பிறகு திண்டிவனத்துக்காரர் யாரைப் பார்த்தாலும், வாங்கிய உப்பில் ஏதாவது கிடைத்ததா என்று விசாரிப்பார்.

கடைசியில் அந்த ரவுண்டு வந்தேவிட்டது. குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த சென்னைக்காரர் ஒருவருக்கு அண்ணன் கார் ஓட்டப் போனார். வழியில் பேச்சு கோல்ஃபுக்குத் திரும்ப, சென்னையில் தான் ஆடுகிற மைதானத்துக்கு வரச்சொல்லி அவர் அழைத்துவிட்டார். நிஜமான புல் மைதானம். இரண்டு மாதம் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "கை மறந்துட்டிருந்தா, அந்தப் பதினோரு வருஷமும் சும்மா போன மாதிரி ஆயிடும் சார்" என்றார் என்னிடம். பை தூக்க நானும் போனேன்.

கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அண்ணன் நடுவில் போய் நின்றார். அக்குளிலிருந்த விரிப்பை எடுத்து உதறி, அவ்வளவு புல்லின் மேலும் அதைப் பதவிசாக விரித்து, பந்தை வைத்தார். அழைத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அடி அருமையான அடி. கை எதையும் மறந்திருக்கவில்லை. ஆனால் குழிக்கு அருகே போய் உருட்டினால், சிமெண்டுத் தரைக்குப் பழகிய அவருடைய தட்டுக்குப் பந்து பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பதினெட்டுக் குழியிலும் அதே கதை.

திரும்பும் பஸ்ஸில் கல்பாக்கம் தாண்டும்போது அவர் விரிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "புல்லு நல்லாத்தான் இருக்குது சார். ஆனா நான் ஏங்கினது இதுக்கு இல்ல. நாலு பேரு மணல்ல நடப்போம், அவனவன் வூட்டுக் கதைய சொல்லிக்கினே வருவான். அந்த நாலு பேர எங்க போய் தேடுவேன்?"

இதை அக்காவிடம் சொன்னேன். உப்பு எடுக்காமல் சும்மா கிடந்த பாத்தி ஒன்றை, உப்பு கட்டுவதற்கு முன்னால் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்களே, அதே மாதிரி மூன்று நாள் அக்கா தனியாளாக மிதித்தார். நடுவில் ஒரு பெயின்ட் டப்பாவைப் புதைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே நாலு பேர் நின்றோம்: அண்ணன், அக்கா, உப்பள வாட்ச்மேன், நான். மட்டையை எந்த முனையில் பிடிப்பதென்றே எனக்குத் தெரியாது. வாராவாரம் ஜெயித்தது அக்காதான். ஆடியதைவிட வீட்டுக் கதை பேசியதுதான் அதிகம். எங்கப்பாவோடு நான் போட்ட சண்டையை வேறு யாரிடமும் சொன்னதில்லை, அங்கே சொன்னேன்.

மாற்றலாகி வேறு ஊருக்கு வந்து ஒரு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இருப்புக்கொள்ளவில்லை. போன வாரம் அண்ணன் போன் செய்தார். என் இடத்தில் யாரைச் சேர்த்தீர்கள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேன்.

"யாரையும் சேக்கல சார். உங்க முறை வந்தா, மூணு பேரும் கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு அப்புறம் அடிக்கிறோம்."