காட்டுப்பன்றிக்கு நான் சொன்ன ஜெபம்

உடம்பை இளைக்க வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டு முடிவெடுப்பதில்லை. பயந்துதான் எடுக்கிறார்கள். ஆசைப்பட்டு ஆரம்பித்தவர்கள் அடுத்த கல்யாண விருந்தோடு நிறுத்திவிடுவார்கள். பயந்து ஆரம்பித்தவன்தான் பந்தியில் உட்கார்ந்தும் பாயசத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பயம் இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணை வெள்ளைக் கோட்டு போட்டிருந்தது. இரண்டாவதற்கு நான்கு கால்கள்.

முதல் தவணை சிங்கப்பூரில் நாங்கள் பாலிகிளினிக் என்று சொல்கிற அரசு மருந்தகத்தில். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தமிழ்ப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைக் கணினியில் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், ஃபேமிலில யாருக்காவது ஹார்ட் ப்ராப்ளம் இருக்கா?"

"அப்பாவுக்கு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இப்ப இல்ல. ஐம்பத்திரண்டு வயசுல தவறிட்டாரு."

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொண்ணு."

அதுவரை விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன. சர்க்கரை, கொழுப்பு என்று அவள் சொன்ன எந்த எண்ணும் என்னைப் பயமுறுத்தவில்லை. அந்த விரல்கள் நின்றதுதான் பயமுறுத்தியது. (என் எடை எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. மூன்று இலக்கம் என்பதோடு விட்டுவிடுங்கள்.)

பிடோக்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தேன். துடித்தால் ஏன் இவ்வளவு வேகம் என்று பயம். துடிப்பு கைக்குத் தெரியாவிட்டால் அதைவிடப் பயம். எனக்கு வேலை துறைமுகத்தில். துறைமுகம் என்றதும் மூட்டை தூக்குவேன் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிற வேலை. இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்தே சொல்லிவருகிறேன். பெட்டிகள்தான் உலகம் சுற்றின.

என் மனைவி ஸ்டெல்லா பாலர் பள்ளி ஆசிரியை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. வகுப்பில் யாராவது சட்டையில் பெயிண்டைக் கொட்டிக்கொண்டால் என்ன முகம் வைத்துக்கொள்வாளோ அதே முகத்தோடு, "சரி, நாளையிலிருந்து நடக்கிறோம்" என்றாள்.

பிடோக்கில்தான் நடந்து பார்த்தோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் அந்தக் காப்பிக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பிராட்டா போடுகிற அண்ணன், தூரத்தில் என் தலை தெரிந்ததுமே மாவை எடுத்து வீச ஆரம்பித்துவிடுவார். அவர் மனசை நோகடிக்க எனக்கு மனம் வராது. மூன்றாம் நாள் ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். "இது சரிப்படாது. சனிக்கிழமை காலைல பாசிர் ரிஸ் போறோம். அங்க கடலும் மரமும்தான் இருக்கு."

சாப்பாட்டையும் அவளே மாற்றினாள். சோற்றைக் குறைத்து, தேக்கா சந்தையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கி வந்து அவித்துக் கொடுத்தாள். எனக்கு நடந்தால் பசிக்கும். பசித்தால் கை நடுங்கும். நடுங்கினால் அப்பா ஞாபகம் வரும். அதனால் நடக்கப் போகும்போதும் ஒரு கிழங்கு கூடவே வரும். அதற்காகவே இடுப்பில் கட்டுகிற பை ஒன்று வாங்கினேன். பட்டை எவ்வளவு நீண்டாலும் வயிற்றின் மேல் எட்டவில்லை. வயிற்றுக்குக் கீழேதான் கட்ட முடிந்தது. பை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கொக்கியைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை பாசிர் ரிஸ் பூங்காவில் கூட்டமில்லை. முந்தின இரவு மழை பெய்து பாதை ஈரமாக இருந்தது. ஸ்டெல்லா முன்னால் போனாள். நான் வழியில் இருந்த அறிவிப்புப் பலகை ஒவ்வொன்றையும் நின்று படித்துக்கொண்டு பின்னால் வந்தேன். (மூச்சு வாங்குவதற்கு நான் வைத்திருந்த பெயர் அது.) ஒரு பலகையில் காட்டுப்பன்றியின் படம் போட்டிருந்தது. பார்த்தால் பதறாதீர்கள், ஓடாதீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள், உணவு கொடுக்காதீர்கள் என்று நான்கு மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில் எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. திருப்தியோடு நடந்தேன்.

சதுப்புநிலக் காட்டை ஒட்டி, கறி சுடுகிற அடுப்புகள் இருக்கும் இடம் வந்தது. அங்கே இடுப்பு உயரத்தில் ஒரு கல் மேசை. "கொஞ்சம் உட்காருவோமா?" என்று கேட்க நான் வாயைத் திறந்தபோது புதர் அசைந்தது.

நாய் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த நாய்க்கு மூக்கு நீளமாக இருப்பதைக் கவனித்தேன். பிறகு அது நாய் இல்லை என்பதைக் கவனித்தேன். கருப்பாக, மயிர் சிலிர்த்து, என் தொடை உயரத்துக்கு இருந்தது. அகலத்தில் என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று மூக்கைத் தூக்கி மோந்தது.

"என்னங்க," என்றாள் ஸ்டெல்லா, உதடு அசையாமல். "மேல ஏறுங்க."

சொல்லிவிட்டு அவள் கையை ஊன்றி ஒரு எம்பு எம்பினாள். மேசை மேல் இருந்தாள். நானும் அதையேதான் செய்தேன். பெஞ்சு பன்றி நின்ற பக்கம் இருந்ததால் நேராக மேசையில்தான் ஏற வேண்டும். வலது காலைத் தூக்கினேன். முட்டி பாதி வழியில் வயிற்றைச் சந்தித்தது. அதற்கு மேல் அதற்குப் போக வழியில்லை. இடது காலைத் தூக்கினேன், அங்கேயும் அதே நிலைமை. கடைசியில் நெஞ்சை மேசையில் போட்டு உந்திப் பார்த்தேன். தேக்கா சந்தையில் பலகை மேல் போட்ட பாறைமீன் மாதிரி ஒரு கணம் கிடந்தேன். பிறகு மெதுவாக வழுக்கி, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றேன்.

ஸ்டெல்லா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மேலே வந்தது காலர் மட்டும்தான்.

பன்றி மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதன் பின்னால் புதரிலிருந்து முதுகில் கோடு போட்ட குட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. குட்டியோடு இருக்கும் தாய் என்றால் என்ன அர்த்தம் என்பது காட்டையே பார்க்காத எனக்கும் தெரியும். மெதுவாகப் பின்வாங்கச் சொல்லியிருந்தது பலகை. பின்னால் மேசை இருந்தால் எங்கே பின்வாங்குவது என்று அது சொல்லவில்லை.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஐம்பத்திரண்டு வரைகூட நான் போக மாட்டேன் போலிருக்கிறதே என்று நினைத்தேன். கையைக் கூப்பினேன். சின்ன வயதிலிருந்து பூசைக்குப் போகிறவன் நான். பங்குக் கோயில் பாடற்குழுவில் இருபது வருடம் பாடியவன். எத்தனையோ ஜெபங்கள் மனப்பாடம். ஆபத்தில் சொல்ல, மரண நேரத்தில் சொல்ல என்று தனித்தனியாக உண்டு. அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. எந்த ஜெபத்தைத் தினமும் மூன்று வேளை (நான் நான்கு வேளை) சொல்லிவந்தேனோ அதுதான் வந்தது. பாடற்குழுக் குரலிலேயே வந்தது.

"ஆண்டவரே, எங்களையும் நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவையும் ஆசீர்வதியும்."

"யாருக்காக ஜெபம் பண்றீங்க?" என்று மேலிருந்து ஸ்டெல்லா கேட்டாள்.

அதற்குள் பன்றியின் மூக்கு என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஈரமான மூச்சு சட்டை வழியாகச் சுட்டது. கையிலிருந்த கடிகாரம் அதிர்ந்தது. இன்றைய உடற்பயிற்சி இலக்கை எட்டிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று பாராட்டியது. நான் நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை. நடுங்கியே இலக்கை முடித்திருந்தேன்.

அப்போது ஸ்டெல்லா தன் வகுப்புக் குரலை எடுத்தாள். முப்பது பிள்ளைகளை ஒரு நொடியில் அடக்குகிற குரல்.

"ஸ்டாப். சிட் டவுன்."

பன்றி உட்காரவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். கால்கள் அதற்காகவே காத்திருந்த மாதிரி மடிந்துவிட்டன. இப்போது பன்றியின் முகமும் என் முகமும் ஒரே உயரம்.

"பைல என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

"கிழங்கு."

"கழட்டித் தூக்கிப் போடுங்க."

கொக்கியைத் தேடினேன். நிற்கும்போதே தெரியாத கொக்கி, உட்கார்ந்ததும் வயிற்றுக்கு அடியில் எங்கோ போய்விட்டது. "கிடைக்க மாட்டேங்குது ஸ்டெல்லா," என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அழுதேன் என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெல்லா கீழே குதித்திருந்தாள். எனக்கும் பன்றிக்கும் நடுவில் மண்டியிட்டு, பன்றிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் வயிற்றை ஒரு கையால் தூக்கி, மறு கையால் கொக்கியைப் பட்டென்று கழற்றினாள். காலணி நாடா கட்டத் தெரியாத பிள்ளைக்கு உதவுகிற அதே வேகம். பையை அப்படியே புல்வெளிக்கு வீசினாள். பன்றி திரும்பியது. குட்டிகள் திரும்பின. பையைக் கிழித்துக் கிழங்கைத் தின்றுவிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குடும்பமாகப் புதருக்குள் போய்விட்டன. அவை விட்டுவிட்டுப் போன பைக் கிழிசலை ஸ்டெல்லா பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"ஹலோ, கெனாட் ஃபீட் லா," என்று ஒரு குரல் கேட்டது. தீனி போடக் கூடாதாம்.

பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு சீன அங்கிள் நின்றிருந்தார். கையில் தூக்கிப் பிடித்த கைபேசி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பன்றிப் பயம் அடங்குவதற்குள் அபராதப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஒரு வாரத்துக்கு வீட்டு மணி அடித்தாலே நான் படுக்கையறைக்குள் போய்விடுவேன். யாரும் வரவில்லை. வந்தது காணொளிதான்.

நாங்கள் பேருந்தில் பிடோக் வந்து சேர்வதற்குள் அது எங்கிருந்து எங்கோ சுற்றிப் பாடற்குழுவின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்த மகள் ரோஷினி ஒன்றும் கேட்கவில்லை. "டாடி, பன்னி தெளிவா தெரியல. ஆனா உங்க வாய்ஸ் ரொம்ப க்ளியர்," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்கில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பயபக்தியோடு கை கூப்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் தே ஓ கொசோங் போட்டுக் கொடுத்தாள் ஸ்டெல்லா. (பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர். வேறு எந்த நாளாக இருந்தாலும் முகம் சுளித்திருப்பேன்.) அப்போதுதான் அவள் முட்டியில் தோல் கிழிந்திருப்பதைப் பார்த்தேன்.

"நீ மேலதானே இருந்த. எதுக்கு இறங்கின?" என்று கேட்டேன்.

"நீங்க ஏற மாட்டீங்கன்னு தெரிஞ்சிடுச்சு," என்றாள். "அப்புறம் மேல நின்னு என்ன பண்றது?"

சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு முட்டியில் மருந்து போடப் போய்விட்டாள். நான் அந்தத் தேநீரைக் குடிக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன். அதுவரை என் எடை என்பது எனக்கும் என் இதயத்துக்கும் நடுவில் உள்ள விவகாரம் என்று நினைத்திருந்தேன். நான் செத்தால் நான்தானே சாவேன். என் உடம்பு ஒரு மேசையில் ஏற மறுத்தால் ஸ்டெல்லா கீழே இறங்க வேண்டிவரும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. டாக்டரின் விரல்கள் நின்றதைவிட அது பயங்கரமாக இருந்தது.

உடல் இளைத்ததில் வேறு ரகசியம் எதுவும் இல்லை. நடந்தேன். பூங்கா வேண்டாம் என்று புளோக்கின் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். பிராட்டா அண்ணனிடம் நேரில் போய், தயவுசெய்து என்னைப் பார்த்து மாவை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் காணொளியைப் பார்த்திருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார். மூன்று இலக்கம் இரண்டு இலக்கமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு தீபாவளிக்கு அடுத்த வீட்டு முறுக்கால் மறுபடி மூன்றாகி, மறுபடி இறங்கியது. இப்போது ஐம்பத்தாறு நடக்கிறது. டாக்டர் பெண் விரல்களை நிறுத்தாமல் தட்டச்சு செய்கிறாள்.

ஆனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்கிற உரிமை மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போன கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆங் மோ கியோவிலிருந்து ஸ்டெல்லாவின் அக்கா குடும்பம் வந்திருந்தது. பங்குக்குப் புதிதாக வந்த ஃபாதரும் வந்திருந்தார். திருச்சிக்காரர், சாதுவானவர். எல்லோரும் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "குடும்பத் தலைவர் ஜெபம் சொல்லட்டுமே," என்றார்.

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "வேண்டாம் ஃபாதர்," என்றார்கள்.

ஃபாதர் திடுக்கிட்டு, நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனோ என்பது மாதிரி பார்த்தார். ஸ்டெல்லா ஜெபம் சொன்னாள். பிறகு ரோஷினி கைபேசியை எடுத்துக் காட்டினாள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தனக்கு முன்னால் இருந்த பாத்திரத்தைத் திறந்து கறியை அள்ளினார். "அது சரி, அந்தப் பன்றி அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

எல்லோரும் அவர் கரண்டியையே பார்த்தோம். அவரும் பார்த்தார். கரண்டியை மெதுவாகப் பாத்திரத்திலேயே திரும்ப வைத்தார்.

"ஃபாதர், இது சந்தையில வாங்கின பன்னி," என்றாள் ஸ்டெல்லா.