மூன்றாவது கியருக்கு மேல்

என் கை பட்டால் நல்லதும் கெட்டுப்போகும் என்று வீட்டில் அவர் சொல்வது வெறும் கேலி இல்லையோ?

தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் நின்று அவள் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்பு வேலை பார்த்த பட்டறை மூடி எட்டு மாதம். இன்று ஒரு நாள் வேலை பார்த்துக் காட்டினால் இங்கே நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி. வேலை கிடைத்தே விட்டதாகக் கணவர் தன் அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டார்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. மூன்றாவது கியரிலேயே நின்றது; ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"கியர்பாக்ஸை இறக்கிடலாமாம்மா?" என்றார் முதலாளி.

"வேண்டாம் சார். மீட்டர் வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

கியர் மாற்றும் சோலனாய்டுகளை ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாம் பதினாலு ஓம். குறையே இல்லை. ஆனால் கரண்ட் வந்து சேரவில்லை. ப்ளக்கின் ஊசிகளில் ஒன்று உள்ளே தள்ளிப் போயிருந்தது. இழுத்துச் சரிசெய்தாள். வண்டி நாலாவது கியருக்குப் போனது.

"பரவாயில்லையே! போய் டீ குடிச்சிட்டு வா."

டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை.

"காலையில ஓடவாவது ஓடிச்சு, தங்கச்சி," என்றார் கிரீஸ் அண்ணன். முழங்கை வரை கறுத்த, அந்தப் பட்டறையின் பழைய மெக்கானிக்.

கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு சுவிட்ச் உண்டு; அது சொல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதிலிருந்து வரும் ஒயரை மீட்டரில் பார்த்தாள். எந்த இடத்திலும் முள் அசையவில்லை. சுவிட்சின் ப்ளக் கழன்று தொங்கியது. 'என் முழங்கை பட்டிருக்கும்.' யாரும் பார்க்காதபோது மாட்டினாள். வண்டி உறுமியது.

"சாப்பிட்டு வந்துடும்மா. வயித்தைக் காயப்போடாத," என்றார் முதலாளி.

பாதிச் சோற்றை மூடி வைத்தாள். திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தாள். வேகம் காட்டும் முள் செத்துக் கிடந்தது. கியர் பழையபடி மூன்றில்.

"சாப்பிட்டு வரும்போதெல்லாம் புதுசா ஒண்ணு கொண்டு வர்றியே!" என்றார் கிரீஸ் அண்ணன்.

சிரிக்க முயன்றாள். கண் கலங்கியது. எட்டு மாதம் வீட்டில் இருந்ததில் கை மறந்துவிட்டதா? அல்லது எப்போதுமே இப்படித்தானா, இன்றுதான் தெரிகிறதா? சக்கரத்தைச் சுற்றவிட்டு வேக சென்சாரில் மீட்டரை வைத்தாள். சென்சார் ஒழுங்காகத்தான் பேசியது. அதன் ஒயர்தான் பாதி வழியில் கழன்றிருந்தது. மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"வண்டி இப்ப நல்லா ஓடுது சார். ஆனா நடுவுல ரெண்டு தடவை நான்தான் கெடுத்திருக்கேன். எப்படின்னு எனக்கே தெரியல. நீங்க வேற ஆள் பாத்துக்கங்க."

முதலாளி வாயைத் திறக்குமுன் வாசலில் இருந்து கிரீஸ் அண்ணன் குரல் வந்தது.

"அட, நீ ஏன் தங்கச்சி அழற? அது எந்தக் கஸ்டமர் வண்டியும் இல்ல. நீ அந்தப் பக்கம் போனதும் இவரேதான் அடியில பூந்து கழட்டுவாரு. போன வாரம் வந்தவன் தலையில அடிச்சிக்கிட்டு ஓடிட்டான்."

முதலாளி வெட்கமில்லாமல் சிரித்தார். "பரீட்சைம்மா! மூணையும் புடிச்சது நீ ஒருத்திதான். நாளையிலிருந்து வேலைக்கு வா. இன்னொரு ஆளுக்கும் இடம் காலியா இருக்கு, திங்கக்கிழமை அதுக்கு ஒரு பொண்ணு வருது. எனக்கு இப்பல்லாம் குனிய முடியல. அவளுக்கு நீயே கழட்டி விட்டுடு."

காலையிலிருந்து தன் கைகளை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தோம் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். கணவரின் அக்கா நினைவுக்கு வந்தாள். அந்தத் திங்கட்கிழமைப் பெண்ணும் வந்தாள், முகம் இல்லாமல்.

"வேலைக்கு வர்றேன் சார்," என்றாள் மெதுவாக. "கழட்ட மாட்டேன்."