நாலு விரல் வாசல்

ஒரு பையனுடைய காற்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பையன் வளர்ந்துவிட்டான், துணி வளரவில்லை. நாலு தையல் பிரிப்பதும், ஊசியைத் தலைமுடியில் செருகிவிட்டு இரண்டு வரி எழுதுவதுமாக இது நடக்கிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் படிக்காதவள். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. என் வீட்டுக்காரருக்கு இந்த இரண்டு குறையும் கிடையாது. அவருக்கு வேறு குறை. அவருக்கு யோசனை வரும்.

பல் டாக்டர் ஒருவரிடம் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை அவருக்கு. அங்கே கண்ணாடிக் கதவு, செருப்புக்குத் தனி அலமாரி, அதன்மேல் ஒரு பூஜாடி. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சொந்த வீட்டு வாசல் பிடிக்காமல் போய்விட்டது. பெண்டாட்டி பிடிக்காமல் போவதற்கு இது தேவலை என்று நானும் முதலில் சும்மா இருந்தேன்.

எங்கள் முன்னறை பெரியது ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் இடது பக்கம் ஜன்னல், ஜன்னலடியில் என் தையல் மெஷின். வலது பக்கம் அவருடைய சாய்வு நாற்காலி. நடுவில் செருப்புக் குவியல், ஈரக் குடை, பாப்பாவின் தள்ளுவண்டி.

ஒரு நாள் அந்தக் குவியலைத் தாண்டிக் குதித்து வந்து நின்றார்.

“ஒரு வீட்டோட தரம் வாசல்லயே தெரிஞ்சிடும்.”

“தெரியுதுங்க. அதுல முக்கால்வாசி உங்க செருப்புதான்.”

“விளையாடாதே. இங்க ஒரு நுழைவறை அமைக்கப் போறேன். ஸ்டைலாவும் இருக்கணும், உபயோகமாவும் இருக்கணும்.”

“இருக்கறதே ஒரு அறை. அதுக்குள்ள இன்னொரு அறையா?”

“உனக்குப் புரியாது. வந்தவங்க செருப்பைக் கழட்டணும், அலமாரியில வைக்கணும், குடையை மாட்டணும், நிமிர்ந்து பார்த்து ‘ஹா’ன்னு ஒரு சத்தம் விடணும்.”

“உங்க கிளினிக்ல விடறாங்களே, அது பல் வலிங்க.”

“உன்கிட்ட பேசினா எனக்கே பல் வலிக்குது. அந்த மெஷினைத் தூக்கிப் பின்னறையில போடு. அலமாரி அங்கதான் வருது.”

பின்னறைக்கு ஜன்னலே கிடையாது. நடுப்பகலிலும் அங்கே விளக்கைப் போட்டால்தான் சொந்தக் கையே தெரியும். ஊசியில் நூல் கோர்க்க நான் ஆந்தையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். எனக்கென்று இந்த வீட்டில் இருந்தது அந்த ஜன்னலடி ஒன்றுதான். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே துணியைக் கொடுப்பார்கள், வாங்கிப் போவார்கள். யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம். பாப்பா காலடியில் தவழ்ந்துகொண்டிருக்கும். போதாததற்கு, துணி வெட்ட ஒரு மேஜை வேண்டுமென்று நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். “தரை இருக்கே, அதைவிடப் பெரிய மேஜை எங்க கிடைக்கும்?” என்பார். தரையில் துணியை விரித்தால் நான் வெட்டுவதற்குள் பாப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். வெட்டிய துணியைவிட நனைந்த துணிதான் அதிகம்.

அளவு எடுத்த அன்றைக்கு நல்ல மழை. கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தோம். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். என்னை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். என் மெஷின் ஒல்லி. கதவு உள்பக்கமாகத் திறந்து அதை உரசாமல் வந்து நிற்கும். அவர் சொன்ன அலமாரியோ குண்டு. சாத்திய கதவுக்கு அது சரியான அளவு. திறக்கிற கதவுக்கு?

“ஏங்க, கதவு...”

“கதவு இருக்கு. எனக்குக் கண்ணு இருக்கு. நீ டேப்பைப் பிடி.”

“இல்லீங்க, கதவைத் திறந்து வெச்சுட்டு...”

“மழை உள்ள அடிக்கும். குறுக்கே பேசாதே. நீ பேசினா அளவு மாறிடுது.”

நான் பேசினால் அளவு மாறும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சரி, மாற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

“ஏங்க, இடுப்பளவு உயரம் இருந்தா பூஜாடி பாப்பாவுக்கு எட்டாது.”

டேப்பை மேலே இழுத்தார். “அதைத்தான் நானும் யோசிச்சேன்.”

“இன்னும் ஒரு சாண் அகலம் வெச்சா உங்க பூட்ஸ் ரெண்டு வரிசையா நிக்கும்.”

“அதையும் யோசிச்சாச்சு.”

“மேல்பலகை வழவழன்னு இருந்தா துடைக்கறதுக்கு லேசு.”

“எல்லாத்தையும் நான் யோசிச்சு முடிச்சாச்சு. நீ ஏன் நடுவுல வர்றே?”

இடுப்பளவு உயரம், தாராளமான அகலம், வழவழப்பான மேல்பலகை. துணி வெட்டுகிற மேஜைக்கு இதைவிட நல்ல அளவு இருந்தால் யாராவது சொல்லுங்கள். அவர் சொன்ன அகலத்துக்கே கதவு இடிக்கத்தான் போகிறது. இடிக்கிறது இடிக்கட்டும், எனக்கு உபயோகமாக இடிக்கட்டுமே.

தச்சர் பின்சந்து வழியாகப் பலகைகளைக் கொண்டுவந்து, கொல்லைப்பக்கம் வைத்து அறுத்து, முன்னறையில் பூட்டினார். “சார், அந்தக் கதவு...” என்று அவரும் ஆரம்பித்தார். “கதவு என் பொறுப்பு, நீங்க பலகையைப் பாருங்க” என்று இவர் அடக்கிவிட்டார். வேலை முடிந்ததும் கதவின் குறுக்கே ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார். திறப்பு விழா வரைக்கும் யாரும் கதவைத் தொடக் கூடாதாம், போக வர எல்லாருக்கும் பின்வாசல்தான். பல் டாக்டர் கிளினிக்கில்கூட இவ்வளவு பயமுறுத்தல் இருக்காது.

அதுவரை பின்னறையில் தைத்தேன். ஒரு சட்டைக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்துவிட்டேன். வாங்கிப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. எப்படிப் போட்டுக்கொள்கிறாரோ.

திறப்பு விழாவுக்குத் தன் அக்காவை அழைத்திருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். உலகத்தில் என் வீட்டுக்காரர் பயப்படுகிற ஒரே ஆள். அன்றைக்கும் மழை. இஸ்திரி போட்ட சட்டையோடு, என்னிடமிருந்து வாங்கிய கத்தரிக்கோலோடு அலமாரி பக்கத்தில் நின்றார். மணி அடித்தது. நாடாவை வெட்டினார். கதவை இழுத்தார். நாலு விரல் அகலம் வந்தது. டொக்.

“டேய் தம்பி, கதவைத் திற.”

“திறந்துட்டேன்க்கா.”

“இதுவா? இதுக்குள்ள என் மூக்குதான் நுழையும்.”

“கொஞ்சம் ஒரு பக்கமா சாய்ஞ்சு...”

“நான் என்ன தபாலா, சந்துல நுழைச்சு விடறதுக்கு? நனையறேன்டா!”

இவர் அலமாரியைத் தள்ளினார். அது சுவரோடு முடுக்கியிருந்தது. கதவை மறுபடி இழுத்தார். கதவு அலமாரியைத் தள்ளியது. தன்னைத்தானே முட்டிக்கொள்கிற மாடு மாதிரி இருந்தது.

“அவ்ளோ நீள பஸ்ஸை முட்டுச்சந்துல திருப்பி நிறுத்தறேன் நான். ஒரு கதவு திரும்ப இடம் விடத் தெரியலையா உனக்கு?”

கடைசியில் அண்ணி சேற்றில் நடந்து பின்சந்து வழியாக வந்தார். சமையலறை முழுக்கத் திட்டு திட்டாகச் சேற்றுக் காலடி. நேராக வந்து இவருடைய சாய்வு நாற்காலியில் ஈரத்தோடு உட்கார்ந்தார். அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடா இது?”

இவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். டாக்டர் பக்கத்தில் இருந்திருந்தால் பழக்கதோஷத்தில் ஒரு பல்லைப் பிடுங்கியிருப்பார்.

அண்ணி முன்னால் நான் ‘வாங்க’ என்பேன், ‘உட்காருங்க’ என்பேன், அதற்கு மேல் பேசியதில்லை. அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு, புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டு சொன்னேன்.

“எனக்குத் துணி வெட்ட மேஜை, அண்ணி. ரொம்ப நாளா கேட்டேன். அவரேதான் அளவெடுத்தார். எங்க போடறதுன்னு நீங்க வந்துதான் சொல்லணும்னு வெச்சிருக்கார்.”

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஒரு பக்கம் முட்டாள் என்ற பெயர், இன்னொரு பக்கம் நல்ல புருஷன் என்ற பெயர். இரண்டும் ஒரே மரத்தில் செய்த பெயர்தான்.

“ஆமாக்கா,” என்றார். “ஆமா ஆமா.”

“பெண்டாட்டிக்கு மேஜையா? நீயா?” அண்ணி எழுந்தே விட்டார். “உனக்கும் நெஞ்சுல ஈரம் இருக்குடா! சரி, மெஷின் எங்க?”

“பின்னறையில, அண்ணி.”

“இருட்டுலயா? இவன் மேஜை செய்யத் தெரிஞ்சவன், போடத் தெரியாதவன். மெஷினைக் கொண்டுவந்து ஜன்னலடியில போடு. மேஜையை இந்தப் பக்கம் தள்ளு.”

“அங்க என் நாற்காலி இருக்கேக்கா.”

“தூக்கிப் பின்னறையில போடு. தூங்கறதுக்கு வெளிச்சம் எதுக்கு?”

தச்சர் மறுபடி வந்தார். மாலைக்குள் கதவு முழுசாகத் திறந்தது. பூட்ஸுக்குச் செய்த தட்டுகளில் இப்போது துணிக்கட்டுகள். மேஜையைப் பார்த்துப் பெண்கள் உள்ளே வந்தே அளவு கொடுக்கிறார்கள். எனக்கும் கூச்சம் கொஞ்சம் விட்டிருக்கிறது. ‘எவ்வளவு இறக்கம்?’ என்றுகூடக் கேட்கிறேன்.

அண்ணி புறப்படும்போது தம்பியிடம் இன்னொன்றும் சொன்னார். “பொம்பளைங்க அளவு கொடுக்க வந்திருப்பாங்க. நீ பாட்டுக்கு முன்வாசல்ல திடுதிப்புனு வந்து நிக்காதே. இனிமே பின்வாசல்தான் உனக்கு.” நல்ல புருஷன் ஆகி அரை நாள்தான் ஆகியிருந்தது. மறுக்க முடியுமா? தலையை ஆட்டினார்.

இதோ, பின்பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம். “ஏம்மா, உள்ள யாராவது இருக்காங்களா? நான் வரலாமா?” இங்கே யாரும் இல்லைதான், ஆனால் அதை உடனே சொல்லிவிட்டால் அவர் நேரே இங்கே வந்து இந்த மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வார். இன்னும் நாலு தையல் பிரித்துவிட்டு மெதுவாகச் சொல்கிறேன்.